மிதிக்கும் கால்

ஒன்பதாம் மாதமாகியும் எப்சியின் வயிற்றில் குழந்தை தலை மேலும் கால் கீழுமாகவே இருந்தது. நாளைக் காலை வெளியிலிருந்து கையால் அழுத்தித் திருப்பிப் பார்க்கலாம், வேண்டாமென்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை சேலையூர் வீட்டுக் கதவைத் தட்டியவரை அவள் முன்பின் பார்த்ததில்லை. நிமிர்ந்து நின்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினார்.

“பாப்பா மிதிச்சதுல இடுப்புப் பிடிப்பு போயே போச்சும்மா. கால் முன்னாடி வந்து பொறந்தவங்க மிதிச்சா சரியாயிடும்னு சும்மாவா சொன்னாங்க?”

“வீடு மாறி வந்துட்டீங்க அங்கிள். இங்க குழந்தையே இல்ல.”

“நீ எப்சிதானேம்மா?” என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

“பொறக்கறதுக்கு முன்னாடியே சம்பாதிக்குது உன் புள்ள,” என்றான் கணவன் ஜெஃப்ரி.

எப்சி பழத்தைத் தொடவில்லை. விடிந்ததும், “திருப்பிடலாம் ஜெஃப்ரி,” என்றாள்.

திருப்பினார்கள். ஸ்கேனில் தலை கீழே இருந்தது. வீடு திரும்பியபோது அதே மனிதர் படியில் இரண்டாக மடங்கி உட்கார்ந்திருந்தார்.

“காலையில திடீர்னு திரும்பப் புடிச்சிக்கிச்சும்மா. பாப்பாவைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லேன்.”

எப்சி பதில் சொல்வதற்குள் அவர் வாசலிலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். அவள் வயிற்றுக்குள் குழந்தை மெல்லத் திரும்பத் தொடங்கியது.