படுத்துப் பார்த்த செடிகள்

சித்திரை உச்சிவெயிலில் எங்கள் நர்சரிக்கு வந்த அந்தப் பெண், கோடை முழுக்க விடாமல் பூக்கிற செடி வேண்டும் என்றாள். காகிதப்பூ, இட்லிப்பூ, செம்பருத்தி, அரளி எல்லாவற்றையும் காட்டினேன். எதையும் தொடவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டு, அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்த மண்ணில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டாள். மயக்கமோ என்று ஓடினேன்.

“ஒண்ணுமில்லம்மா. எங்க வீட்டுக்காரரால இந்தப் பக்கந்தான் திரும்பிப் படுக்க முடியும். ஜன்னலுக்கு வெளிய வச்சா எது அவருக்குத் தெரியும்னு பாக்கறேன்.”

இத்தனை வருஷமும் நின்று வாங்குகிறவர்களுக்காகவே செடிகளை அடுக்கியிருக்கிறேன். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நகர்த்தினேன். காகிதப்பூ படுத்திருந்தவளின் பார்வைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. செம்பருத்தி இலைக்குள் ஒளிந்துகொண்டது. இட்லிப்பூவை வைத்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“இது எதுவரைக்கும் பூக்கும்?”

“ஐப்பசி மழை வரைக்கும் விடாமப் பூக்கும்க்கா.”

“அவரு ஆடியத் தாண்டறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார்” என்று எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு, மூலையில் ஒரு மொட்டுகூட இல்லாமல் நின்ற டிசம்பர் பூச்செடியைக் காட்டினாள். “அதையும் வண்டியில ஏத்துங்க.”

அதைத் தூக்கிவந்து முதலில் இட்லிப்பூவுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன தோன்றியதோ, அவள் படுத்திருந்த ஈரத்திலேயே நானும் இடப்பக்கமாகச் சாய்ந்தேன்.

“தெரியுதா?” என்றாள்.

வெறும் இலைகளைப் பார்த்தபடி, “நல்லாத் தெரியுதுக்கா” என்றேன்.