சத்தம் போடாதவள்

முதல் அடியைப் பாடி முடிப்பதற்குள் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பயம் முதல் அடியில் இல்லை. மூன்றாவது அடியில்தான். அங்கேதான் பாட்டு மேலே ஏறும்.

போன வருஷம் மில்லின் ஆண்டு விழாவில், இதே மண்டபத்தில், இதே ஜனங்களுக்கு முன்னால், அங்கே ஏறும்போதுதான் குரல் உடைந்து வெறும் காற்றாகப் போனது. மைக்கை வைத்துவிட்டு இறங்கியவள் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை.

இன்றைக்கும் உடைந்தால் இனி பாட்டே வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டுதான் மேடையேறியிருந்தாள்.

குரலைத் தின்றது தறி. அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கிற கூடத்தில், நூல் அறுந்துபோச்சு என்று பக்கத்துத் தறிக்குச் சொல்வதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்திக் கத்தி அதுவே பழக்கமாகி, வீட்டுக்கு வந்து உப்பு எங்கே என்று கேட்டாலும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

அந்த விழாவுக்கு அப்புறம் பாட்டு கற்றுக்கொள்ளப் போனபோது, டீச்சர் முதல் நாளே கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "முதல்ல கத்துறதை நிறுத்துங்கக்கா. வீட்லயும்தான். தொண்டைல புண்ணு ஆறாம எந்தப் பயிற்சியும் ஒட்டாது."

நிறுத்தினாள். தறியில் கையை ஆட்டி ஜாடை காட்டினாள். வீட்டில் பக்கத்தில் போய் நின்று மெல்லப் பேசினாள். விடிந்ததும் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, புடுபுடுவென்று குமிழி கிளம்ப ராகம் இழுத்தாள். உதட்டைப் படபடக்கவிட்டுக் குரலை மேலும் கீழும் ஓட்டினாள்.

"என்னடி, வீட்ல மோட்டார் கீட்டார் வாங்கிட்டீங்களா?" என்று பக்கத்துத் தறிக்காரி சிரித்தாள்.

வீட்டுக்காரர் மட்டும் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. அவரும் அதே கூடத்தில் தறி ஓட்டுகிறவர்தான். கேட்காமலே பாத்திரம் கழுவினார். கழற்றிய சட்டையைக் கட்டிலில் எறியாமல் ஆணியில் மாட்டினார். ஒரு நாள் புதுச் செருப்பு வாங்கி வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு ஓரமாய் நின்றார். நம் பாட்டுக்காக மனுஷன் எப்படி மாறிவிட்டார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது அடி வந்தது.

தோளை இறக்கினாள். மூச்சு விலா வரைக்கும் நிரம்பட்டும் என்று காத்தாள். தள்ளாமல், கத்தாமல், மெல்ல விட்டாள்.

குரல் ஏறியது. ஏறின இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அவள் இறங்கச் சொல்லும்வரை இறங்கவில்லை.

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதும் தொண்டை கரகரக்கவில்லை. இன்னொரு பாட்டுக்குத் தெம்பு மிச்சம் இருந்தது.

வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் பெருமை வழிந்தது. கூடவே ஒரு கலக்கம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஊருக்கெல்லாம் இவ்ளோ நல்லா பாடுற. என்கிட்ட சத்தம் போட்டு எத்தனை மாசமாச்சு? நான் என்ன தப்பு பண்ணேன்னு இப்பவாவது சொல்லிடு."

டீச்சர் சொன்னதை இவரிடம் சொன்னோமா? சொன்னதாக ஞாபகமே இல்லை.

தறி ஓட்டுகிறவர்கள் தெருவில் ஒரு பெண்டாட்டி குரலை இறக்கிப் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவளுக்குக் கோபம் தலைக்கு மேலே போய்விட்டது என்று.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"வீட்டுக்குப் போய் பேசிக்கலாம் வாங்க" என்றாள், மெல்ல.