செல்லாத்தாளின் கால்

"கால்ல படிஞ்ச கொழுப்பை ஆபரேஷன்ல எடுத்துட்டா வீக்கம் நல்லாக் குறையும். அப்புறமும் இறுக்கமான காலுறை போட்டே ஆகணும். ஆனா அதை நீங்களே மாட்டிக்கலாம். மருமகளுக்குத் தினமும் கட்டுச் சுத்துற வேலை மிச்சம்" என்றார் டாக்டர்.

நிணநீர் தேங்கித் தூணாகிப் போன தன் காலைப் பார்த்தாள் செல்லாத்தாள்.

"வேண்டாமுங்க. கட்டே போதுமுங்க."

ஜெயசுதாவுக்குச் சலிப்பாக வந்தது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மாமியாரின் காலை நீவிவிட்டுப் பட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் தினமும் இடுப்பு கழன்றுவிடுகிறது.

வெளியே வந்ததும் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க அத்தை, இன்னும் எத்தன நாளைக்குத்தான் நான் சுத்திக்கிட்டே இருக்கறது? ஆபரேஷன்னா அத்தன பயமா?"

"பயமெல்லாம் இல்ல கண்ணு." பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தாள் செல்லாத்தாள். "என்ற பையன் உன்னைய விவாகரத்துப் பண்ணிட்டு, வேறொருத்தியக் கட்டிக்கிட்டுப் போயி வருசமாச்சு. இந்தக் காலுக்காகத்தான் நீ இன்னும் நம்ம ஊட்டுக்கு வர்றே. இதுவும் சரியாப் போச்சுன்னா?"

ஜெயசுதா அவிழ்த்த பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"டாக்டரு கிளம்பறதுக்குள்ள எந்திரிங்க, ஆபரேஷனுக்குத் தேதி கேட்போம். அந்தக் காலுறையத் தினமும் அலசிப் போடோணுமாமுங்க அத்தை. அதுக்கு என்னைய உட்டா வேற ஆரு வருவாங்க?"