சங்கிலி போட்ட எஞ்சின்

"உந்தச் சீனத் தகரத்தை ஆரடா களவெடுக்கப் போறான்? ஒவ்வொரு நாளும் தோளில காவுறாய்!"

படகு எஞ்சினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன அஜந்தனைப் பார்த்து ராஜரத்தினம் காறித் துப்பினார்.

முல்லைத்தீவுக் கரையில் அவர் ஒருவரிடம்தான் ஜப்பான் எஞ்சின். மூடியில் உள்ள ஜப்பான் பெயரை ஊரே பார்க்கட்டும் என்று படகிலேயே சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருப்பார். பழுதென்றால்கூடப் புதுக்குடியிருப்புக்குத்தான் கொண்டுபோவார். இங்கே எவனையும் மூடியைத் திறக்க விடமாட்டார்.

"சீனச் சாமானில வைச்ச கையை என்ர எஞ்சினில வைக்காதேங்கோ!" என்பார்.

மறுநாள் காலை கரையில் சனம் கூடியிருந்தது. சங்கிலி அறுந்து கிடந்தது.

"ஐயோ, என்ர ஜப்பான் எஞ்சின்!" ராஜரத்தினம் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

எஞ்சின் எங்கேயும் போகவில்லை, மணலில்தான் கிடந்தது. மூடியை மட்டும் காணவில்லை.

கடலுக்குப் போக வந்த அஜந்தன் தன் எஞ்சினை அதன் பக்கத்தில் இறக்கி, மூடியைக் கழற்றினான். உள்ளே இரண்டும் ஒரே அச்சு. ஆணி கூட மாறவில்லை.

"கள்ளன் கெட்டிக்காரன், அண்ணை," என்றான். "ஜப்பானை மட்டும்தான் கொண்டுபோயிருக்கிறான்."