அடுப்பில் வெந்தது மட்டும்

நவம்பரின் கடைசி நாள்கள் விஸ்கான்சினில் ஓசையின்றி வந்து சேர்கின்றன. அறுத்த சோளத்தாளின் மேல் வெண்பனி உறைகிறது. தெற்கே பறந்துபோன வாத்துக் கூட்டங்களின் குரல் அடங்க, வானம் வெறுமை கொள்கிறது. ஏரியின் கரையோரம் மெல்லிய பனிக்கட்டி படர்ந்துவிட்டது. நடுநீர் மட்டும் கறுத்து, இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. உயிருள்ளவற்றையெல்லாம் ஒடுங்கச் சொல்லி வாடை வீசுகிறது. மனிதரும் ஒடுங்குகிறார்கள்.

ரெனே அடுப்பின் முன் நின்று ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

பின்னால், மேசையருகே, அவள் கணவன் லைல் அந்தக் கடிதத்தை நான்காம் முறையாகப் பிரித்துப் படித்தான்.

கடிதம் நீளமானதன்று. வசந்தத்தில் நடந்த மாநிலப் பளு தூக்கும் போட்டியில் அவனிடம் எடுத்த சிறுநீரில் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து இருந்தது. வென்ற பட்டம் பறிக்கப்படுகிறது. நான்காண்டுத் தடை. மேல்முறையீட்டுக்கு இன்று மாலை ஐந்து மணி வரை அவகாசம்.

லைலுக்கு வயது ஐம்பத்தாறு.

மருந்தா? புரதப் பொடியைக்கூடத் தொடாதவன் அவன். உடற்பயிற்சிக்கூடத்தில் உடன் பளு தூக்கும் கோர்டிக்கும் அவனுக்கும் இருபது ஆண்டுகளாக அதே வழக்குத்தான்.

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு முட்டையாடா? உன் வண்டிச் சத்தம் கேட்டாலே கோழிங்க கூண்டுக்குள்ள ஓடி ஒளியுது. ரெண்டு கரண்டி பவுடரக் கரைச்சுக் குடிச்சுட்டுப் போவியா!"

"நான் வேல பாக்குற சீஸ் ஆலையில பால்லேர்ந்து வடிச்சு ஊத்துற தண்ணிடா அது. அதையே காயவெச்சு எனக்கே விக்கப் பாக்குறான். மாடு என்ன, டப்பா வாங்கித் தின்னா சதை போடுது?"

கூடமே சிரிக்கும்.

இப்போது அந்தக் கூடத்துச் சுவரிலிருந்த அவன் பெயரின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் வேளையில், எல்லாரும் அவனிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். கோர்டி கேலியை அறவே விட்டுவிட்டான். அதுதான் லைலுக்குப் பொறுக்கவில்லை.

விசாரணையன்று கணினித் திரையில் ஐந்து முகங்கள். அவர்கள் முன் அவன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்: "எங்க வீட்டு அடுப்புல வெந்ததத் தவிர வேற எதுவும் என் தொண்டையில இறங்குனதில்லங்க. வேணும்னா இவளயே கேளுங்க."

கேட்டார்கள். ஆமாம் என்றாள் ரெனே.

அதைப் பெரிய பொய்யென்று அப்போது அவள் எண்ணவில்லை.

சென்ற பிப்ரவரியில் நுரையீரல் காய்ச்சல் லைலை மூன்று வாரம் படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது தோள்கள் வற்றிக் கிடந்தன. முட்டையைக் கண்டால் குமட்டிற்று. இறைச்சியை மென்று மென்று துப்பினான். போட்டிக்குப் பத்து வாரமே இருந்தது. கண்ணாடி முன் நின்று, ஒரு கையால் மறு கையைச் சுற்றிப் பிடித்து அளந்துகொண்டிருந்தவனைக் கதவிடுக்கில் கண்டாள் ரெனே.

மறுநாளே அடுத்த ஊர்க் கடைக்குப் போய்வந்தாள். அன்று முதல் அவன் கஞ்சியில் இரண்டு கரண்டி புரதப் பொடி கலந்தது. வெண்ணெயும் மேப்பிள் பாகும் அதன் மணத்தை மறைத்தன. பாலிலிருந்து வருவதுதானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

அவன் தேறினான். ஏப்ரலில் ஒரு காலை, சட்டையைக் கழற்றித் தோளைத் தட்டிக் காட்டினான். "பாத்தியா ரெனே? சாப்பாடு! வெறும் சாப்பாடு! ஊர்ல எவ பொண்டாட்டி இப்பிடிச் சமைக்கிறா?"

அன்றே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முறைத்துவிட்டு, மூன்றாம் நாள் சிரித்திருப்பான். ஆனால் அந்தப் புகழ் அவளுக்கு இனித்தது. இனித்ததால் சொல்லவில்லை.

மூன்று நாள்களுக்கு முன்புதான் பொடியை விற்றவர்கள் அறிவித்தார்கள்: அவள் வாங்கியதோடு சேர்த்து அடைத்த டப்பாக்களில் வேறொரு மருந்து தவறிக் கலந்துவிட்டது. அந்த மருந்தின் பெயரைக் கடிதத்தில் இருந்த பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றே.

மூன்று நாளும் சொல்ல வாயெடுத்தாள். மூன்று நாளும் "காப்பி வேணுமா?" என்றே கேட்டாள்.

கிண்ணத்தை அவன் முன் வைத்தாள். பொடி இல்லாத கஞ்சி. ஆவி எழுந்து அவர்களுக்கு நடுவே கலைந்தது.

"இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கே" என்றாள்.

"இருந்து? எதக் காட்டச் சொல்ற? விடு. நான் என்ன தின்னேன்னு எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும்."

கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தான். இமைகளை மூடினான். தலை தாழ்த்தி, தடித்த விரல்களைக் கோத்துக்கொண்டான். செபம் முடியுமுன் அவன் கண் திறந்ததை இருபத்தொன்பது ஆண்டுகளில் அவள் கண்டதில்லை.

ரெனே மாவுப் பையின் பின்னாலிருந்து, மிச்சப் பொடி கிடந்த டப்பாவை எடுத்தாள். கிண்ணத்துக்கும் கடிதத்துக்கும் இடையே ஓசைபடாமல் வைத்தாள். பிறகு நாற்காலியில் அமராமல், குளிர்ந்த தரையில் முழந்தாளிட்டாள். அந்த வீட்டில் உணவுக்கு முன் எவரும் முழந்தாளிட்டதில்லை.

"ஆண்டவரே, இந்தக் காலைக்கும் இந்த உணவுக்கும் உமக்கு நன்றி." லைலின் குரல் ஓரிடத்தில் தடுக்கி, மீண்டும் எழுந்தது. கண்கள் மூடியே இருந்தன.

"இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும்."