படு

பேஸ்போல் மைதானத்தின் மூன்றாம் பேஸில் நின்ற அட்சயா, விலை கேட்டுவிட்டு வேண்டாமென்று படியிறங்குகிறவளைப்போல, அலட்சியமாக இரண்டு அடி தள்ளி நின்றாள்.

அவளுடைய அப்பா குலசிங்கத்துக்கு அந்த நடை தெரியும். கனடாவில், ஸ்காபரோவில் சேலைக்கடை வைத்திருக்கிற மனிதர். அப்படிப் படியிறங்குகிறவள் வாங்காமல் போகமாட்டாள்.

பேஸ்போலில் அவருக்குப் பிடித்ததே இதுதான். பந்தை யாரும் அடிக்குமுன்னமே ஓடி அடுத்த பேஸைக் களவெடுத்தவளுக்குக் கைதட்டி, அதை அவள் பேரில் வரவும் வைக்கிற விளையாட்டு உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

இரண்டாம் பேஸைக் களவெடுப்பது சில்லறை வியாபாரம். மூன்றாவதுக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆனால் எறிகிறவள் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே ஹோமுக்கு ஓடுவதென்பது, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கக் கல்லாவைத் தூக்குகிற வேலை. பேர்பெற்ற ஆட்டக்காரர்களே இதற்கு அபூர்வமாகத்தான் துணிவார்கள்.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் சமம். அடிக்க நின்ற றுமைஸாவின் காலடியில் கிடந்த வெள்ளைத் தகடுதான் ஹோம். அட்சயா அதைத் தொட்டுவிட்டால் வெற்றி.

றுமைஸாவின் வாப்பா ஸெய்னுலாப்தீன் காதோடு சொன்னார்.

"அண்ணை, உங்கட மகள்ட முழி சரியில்ல. கள்ளி எதுக்கோ ரெடியாகுறா."

குலசிங்கம் சிரிக்கவில்லை. அவர் கண் பாதி மகளிலும் பாதி மனைவியிலும் இருந்தது.

தவமணி மைதானத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. வெட்டவெளி அவளுக்கு ஆகாது. கடையில்கூடச் சுவரோடு சுவராகத்தான் இருப்பாள். அம்மா ஒருநாளாவது வரவேணும் என்று அட்சயா கோடைக்குக் கோடை கெஞ்சி, கடைசியில் குலசிங்கம்தான் பேரம்பேசிக் கூட்டிவந்திருந்தார். ஒரு ஆட்டம். பிடிக்காவிட்டால் பிறகு ஒருநாளும் கேட்பதில்லை. பேச்சென்றால் பேச்சு. இன்று இவள் பாதியில் எழுந்து போனால், மகள் இனி அம்மாவைத் தேடி, பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற இந்த வாங்குப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

எறிகிறவளின் கை பின்னால் போனது.

அட்சயா ஓடினாள்.

மைதானமே எழுந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுந்தது தவமணி.

"படு! விழுந்து படு, பிள்ளை!"

வீட்டில் அந்தச் சொல் நித்திரைக்கு மட்டும்தான். ஆனாலும் அட்சயா விழுந்தாள். நெஞ்சு மண்ணில் தேய, முகம் புழுதிக்குள் போக, கைகளை நீட்டியபடியே சறுக்கிப் போய்த் தகட்டைத் தொட்டாள். பந்து அதற்குப் பிறகுதான் வந்தது.

அவுட் இல்லை என்று அம்பயர் இரண்டு கைகளையும் விரித்தார்.

தோழிகள் ஓடிவந்து அவள்மேல் குவிந்தார்கள். ஸெய்னுலாப்தீன் குலசிங்கத்தின் முதுகில் ஓங்கி அறைந்தார். பயிற்சியாளர் கம்பிவேலிவரை வந்து, சறுக்கவேண்டிய நொடியை இவ்வளவு சரியாகப் பிடித்த அம்மா யார், அவர் கத்தியது என்ன சொல் என்று விசாரித்தார். இவ்வளவு காலமும் ஆட்டம் தெரிந்த ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்திருந்தீர்களா என்றும் கேட்டார். குலசிங்கம் பெருமையோடு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் முழு அணியும் 'பாடு, பாடு' என்று கத்தியது. பாட்டுக் கேட்கிறதுகள் என்று ஸெய்னுலாப்தீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

குலசிங்கமும் சிரித்தபடி திரும்பினார். நல்ல விலைக்குப் பேசி முடித்தவரின் சிரிப்பு.

தவமணி வாங்கின் கீழே ஒடுங்கியிருந்தாள். இரண்டு கைகளும் பிடரியைப் பொத்தியிருந்தன. கண் திறக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, எழும்பிட்டானோ?"

எழும்பிட்டாளோ என்றல்ல. எழும்பிட்டானோ.

அட்சயாவுக்கு முன்னம் பிறந்து, ஊரில் ஷெல்லடிக்குள் வெட்டவெளியில் விழுந்து படுத்தவனைப் பற்றி, இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவள் வாய்திறந்து கேட்டது இதுதான் முதல் தரம்.

குலசிங்கம் மைதானத்தைப் பார்த்தார். அங்கே துள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பெண் பிள்ளைகள்.

"ஓம்," என்றார். "எழும்பிட்டான்."