ஒன்றில்லை, இரண்டில்லை

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் பொய்ப்பல் செட்டின் மேல் அடித்துச் சொல்கிறேன். என்னிடம் மிச்சமிருக்கிற விலை உயர்ந்த பொருள் அதுதான்.

செய்து கொடுத்தவள் மாடிவீட்டு ப்ளூமா. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹைஃபாவில் எங்கள் தெருவில் என்னை நம்பாத ஒரே ஆள். மற்றவர்களும் நம்புவதில்லைதான், ஆனால் காப்பி வாங்கித் தருவார்கள்.

கார்மேல் மலையில் ஒரு கரடியோடு சீட்டாடி அதன் தோலை ஜெயித்தேனே, அந்த ஒரு கதைக்கு மட்டும் இதுவரை நானூறு காப்பி குடித்திருக்கிறேன்.

ப்ளூமாவுக்கு இப்போது வேறு வேலை. ‘யூதர்களை யாரும் கொல்லவில்லை, எல்லாம் கட்டுக்கதை’ என்று இணையத்தில் எழுதுகிறவர்களுக்குக் காலையிலிருந்து பதில் போடுவாள். தேதி, ஆவணம், புகைப்படம். ஒருவனுக்குப் போட்டு முடிப்பதற்குள் நாற்பது பேர் முளைத்திருப்பார்கள்.

போன வாரம் என்னிடம் வந்தாள். அந்தக் கொலை நாட்களைக் கண்ணால் கண்டவர்களில் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் பாக்கி.

“யோவ் நுஹெம், அந்தக் கடைசி நாளைச் சொல்லுய்யா, படம் எடுக்கறேன். நடுவுல கரடி வந்துச்சு, பல்செட்டைப் புடுங்கிட்டுப் போயிடுவேன்.”

“வராது டாக்டரம்மா.”

வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

ஜெர்மன்காரர்கள் பிடித்திருந்த எங்கள் பழைய ஊர். எனக்கு ஏழு வயது. சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா எங்களை எண்ணுவாள். எங்கள் யூத வழக்கத்தில் ஆட்களை எண்ணக் கூடாது. கண் பட்டுவிடும், சாவுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஓர் ‘இல்லை’ போட்டு எண்ணுவார்கள்.

அன்று ராத்திரியும் அம்மா தலை தலையாகத் தொட்டாள். ஹின்டா, யோய்னே, நான், ஃப்ராட்ல், லெய்சர், கைக்குழந்தை சிவ்யா.

ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை, நான்கில்லை, ஐந்தில்லை, ஆறில்லை.

எல்லோரும் இருக்கிறோம் என்று அர்த்தம்.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்கிவர என்னைப் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்பினாள். நான் திரும்புவதற்குள் ஜெர்மன் சிப்பாய்கள் எங்கள் தெருவையே காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மத்தியானம் வரை துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பால் என் கையில் இருந்தது.

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டுவதில்லை. கூட்ட இடமில்லை.

ப்ளூமா அதை இணையத்தில் போட்டாள். மூன்றாம் நாள் எவனோ அந்த வீடியோவை வெட்டியிருந்தான். நான் விரலை நீட்டி ‘ஒன்றில்லை, இரண்டில்லை’ என்று சொல்வது மட்டும். மேலே எழுதியிருந்தான்: ‘கிழவனே ஒப்புக்கொள்கிறான். செத்தவர் ஒருவரும் இல்லை.’

இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே ஒரு புண்ணியவான், காப்பிக்கடையில் யாரோ எடுத்த என் கரடிக் கதையையும் ஒட்டியிருந்தான். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள், முடிவே இல்லாமல்.

ப்ளூமா எங்கள் வழக்கத்தை விளக்கி எழுதினாள். வழக்கமும் பொய் என்றார்கள். புகார் கொடுத்தாள். விதி எதையும் மீறவில்லை என்று பதில் வந்தது.

என் உடன்பிறந்தவர்களுக்குப் புகைப்படம் கிடையாது. பள்ளிக்கூடப் பதிவேடு ஊரோடு எரிந்தது. அவர்கள் பிறந்து வளர்ந்ததற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி என் வாய். அதுவும் எப்பேர்ப்பட்ட வாய்!

ப்ளூமா போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பேரைச் சொல்லி நேரா எண்ணுய்யா. ஒண்ணு, ரெண்டுன்னு. ‘இல்லை’ வேணாம்.”

“எண்ணினா கண்ணு படும்.”

“செத்தவங்களுக்குக் கண்ணு படாது, நுஹெம்.”

எண்பத்து நான்கு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

எண்ணினேன். கணீரென்று, ஒருவர் விடாமல், சிவ்யாவரைக்கும்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. துறைமுகத்துக் கிரேன்கள் வேலையை நிறுத்தித் தலை குனிந்தன. வீடியோவை வெட்டினவன் எங்கோ ஒரு குளிர்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து, ஒரு மூட்டை ஹல்வாவோடு என் பால்கனிக்குக் கீழே மண்டியிட்டான்.

“தாத்தா, தப்புப் பண்ணிட்டேன்.”

“என்கிட்ட எதுக்குடா சொல்றே? அவங்க பேரைச் சொல்லு.”

சொன்னான். ஃப்ராட்ல் மட்டும் அவன் நாக்கில் புரளவில்லை. வரும்வரை விடவில்லை நான். சிரித்த இரண்டு லட்சம் பேரும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் மீன்கள் விடிந்துவிட்டதென்று நினைத்துக் கரைக்கே வந்துவிட்டன. ப்ளூமா இப்போதெல்லாம் மத்தியானம் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

நேராக எண்ணச் சொல்லி அன்று ப்ளூமா எடுத்த பதிவு அவள் போனில் நான்கு நிமிடம் ஓடுகிறது. அதில் நான் வாயைத் திறக்கவே இல்லை.